ஈயச் சொம்பு

ஈயச் சொம்பு, ரசம் வைப்பதற்கென்றே தமிழ்ச் சமையலறையில் புழங்கும் வெள்ளீயப் பாத்திரம். பருத்த வயிறும் ஒடுங்கிய கழுத்தும் விரிந்த வாயும் கொண்டது. கும்பகோணம் வட்டாரத்துக் கைவினைஞர்கள் செய்யும் சொம்புகள் பெயர் பெற்றவை. தஞ்சைப் பகுதியிலும் பாலக்காட்டுத் தமிழர் வீடுகளிலும் இது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. சங்கரன்கோவில் உள்ளிட்ட நெல்லைச் சீமையில் வெள்ளீயம் பெரும்பாலும் வேறு வடிவில் அடுப்பங்கரைக்கு வந்தது: பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் பூசிய ஈயப் பூச்சாக. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. புளிப்பை ஏற்றுக் கெடாத உலோகம் சமையலுக்குத் தேவைப்பட்டது.

உலோகம்

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உலோகங்கள் உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், உணவுக்கு உகந்தது. காரீயம் 327 பாகையில் உருகும், நஞ்சு. வெள்ளீயத்தின் அடர்த்தி நீரைப் போல் 7.3 மடங்கு, காரீயத்தின் அடர்த்தி 11.3 மடங்கு. சொம்பின் நன்மை தீமை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரித்துக் களிம்பேற்றும். வெள்ளீயத்தின் மேல் இயல்பாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அந்த அரிப்பை வெகுவாகத் தடுக்கிறது. கரையும் சிறிதளவு வெள்ளீயத்தையும் உடல் அதிகம் உறிஞ்சுவதில்லை. டப்பா உணவில் வெள்ளீயத்தின் அளவு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று பன்னாட்டு உணவு நெறிமுறை வரம்பு வைத்திருக்கிறது. காரீயத்துக்கோ பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

தொன்மை

வெள்ளீயத்தின் கதை நெல்லைச் சீமையில் சொம்புக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. தென்னிந்தியத் தொல்பொருள் தளங்களில் கிடைத்த சில மெல்லிய கிண்ணங்களில் வெள்ளீயத்தின் பங்கு 22, 23 விழுக்காடு வரை இருப்பதை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் எடுத்துக்காட்டினார். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் எளிதில் நொறுங்கும். பழுக்கக் காய்ச்சி அடித்து, சட்டென நீரில் தோய்த்தால்தான் வசத்துக்கு வரும். அந்த நுட்பம் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள்.

தமிழகத்தில் வெள்ளீயத் தாது சொல்லும்படியாக இல்லை. கடலுக்கு அப்பால், மலாய்த் தீபகற்பத்தில் அது கொட்டிக் கிடந்தது. அந்தக் கரையில், வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்ற தாய்லாந்தின் தக்குவா பா பகுதியில், 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு குளத்தைப் பற்றிய அந்தக் கல்வெட்டு மணிக்கிராமத்து வணிகர்களின் பெயரைச் சொல்கிறது. வெள்ளீயம் விளைந்த கரையில் தமிழ் வணிகர் தங்கியிருந்தனர் என்பதற்கு அது நேரடிச் சான்று.

செய்முறை

வெள்ளீயக் கட்டியை உருக்கித் தகடாக வார்த்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சொம்பை உருவாக்குவது மரபு முறை. பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகிப்போகும். இடையிடையே நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். வெள்ளீயம் சாதாரண வெப்பத்திலேயே தானாக இளகிக்கொள்வதால் அந்தப் பாடு இல்லை. தட்டிய தடம் பல சொம்புகளின் வெளிப்புறத்தில் வரிவரியாகத் தெரியும். தூய வெள்ளீயத் தகட்டை வளைத்தால் உள்ளிருக்கும் படிகங்கள் திருகிப் பிறழ்ந்து கறகறவென்று ஒலிக்கும். எடைக்கணக்கில் விற்பதும், பழசை உருக்கிப் புதிதாக வார்க்க முடிவதும் இந்தப் பாத்திரத்தின் சிறப்பு. உடைந்தாலும் உலோகம் வீணாகாது.

அடுப்பில்

சமையல் எரிவாயுத் தழலின் வெப்பம் வெள்ளீயத்தின் உருகுநிலையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் சொம்பு உருகாமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நீர். கொதிக்கும் நீர் 100 பாகையைத் தாண்டாது. பாத்திரத்தின் சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. ஆகவே புளிக்கரைசலையோ பருப்புத் தண்ணீரையோ ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். தழல் அடிப்பாகத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. ஏறினால் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதி இளகிச் சரியும். தாளிப்பைச் சொம்பில் செய்யவே கூடாது, காய்ந்த எண்ணெய் 200 பாகையை எளிதில் தாண்டிவிடும். இரும்புக் கரண்டியில் நெய் காய்ச்சி, கடுகும் சீரகமும் பொரிந்ததும் ரசத்தில் கொட்டுவதே வழக்கம். ரசம் நுரைகட்டிப் பொங்கி வரும்போது இறக்கிவிட வேண்டும். வற்றக் கொதிக்க விட்டால் ரசமும் கெடும், சொம்பும் போகும்.

ஈயம் பூசுதல்

சொம்பு வாங்க இயலாத வீடுகளுக்கும் வெள்ளீயத்தின் பயனைக் கொண்டு சேர்த்தவர்கள் ஈயம் பூசுகிறவர்கள். தெருவில் குரல் கொடுத்து வந்து, மரத்தடியில் சிறு குழி வெட்டி, கரி நிரப்பி, துருத்தி வைத்து ஊதுவார்கள். பாத்திரத்தின் உட்புறத்தை மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்துக் களிம்பை நீக்கிச் சூடேற்றுவார்கள். நவச்சாரத் தூளைத் தூவ, வெண்புகை கிளம்பும். உலோகத்தின் மேலிருந்த மாசு அதோடு போய்விடும். வெள்ளீயக் குச்சியை ஓரிடத்தில் வைத்து இழுத்ததும் அது உருகி ஓடும். துணிச்சுருளால் சட்டென்று சுழற்றித் துடைத்தால், மஞ்சளாக இருந்த பாத்திரத்தின் உள்வயிறு கண்ணெதிரே வெள்ளிபோல் மாறும். பிறகு தண்ணீரில் ஒரு முக்கு. உலோகத்தின் சூடு, துடைக்கும் வேகம், நவச்சாரத்தின் அளவு ஆகிய மூன்றும் ஒரே நொடியில் கூடிவர வேண்டும். வேதியியல் படிக்காமலேயே அதைக் கையில் வைத்திருந்தார்கள் இந்தத் தொழிலாளர்கள்.

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பது பழமொழி. ஆனால் பூச்சு தேய்ந்த பித்தளையில் புளிச் சமையல் நஞ்சாகும் என்பதால், அந்தப் பித்தளைக்கு வாழ்வு கொடுத்ததே ஈயம்தான். 2011இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை உணவுக்கு விலக்கின.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் வெள்ளீயத்தோடு சிறிது செம்போ காரீயமோ கலந்த பியூட்டர் பல நூற்றாண்டுகள் மேசைப் பாத்திர உலோகமாக இருந்தது. லண்டன் பியூட்டர் வினைஞர்கள் 1348இலேயே கலவைக்கு விதி வகுத்துக்கொண்டனர். அமெரிக்கக் குடியேற்றங்களில் 18ஆம் நூற்றாண்டில் பியூட்டர்த் தட்டும் குவளையும் பல வீடுகளில் இருந்தன. வெள்ளீயக் கட்டி அங்கே எளிதில் கிடைக்காதபடி பிரிட்டிஷ் வரிக்கொள்கை தடுத்தது. அதனால் அமெரிக்க வினைஞர்கள் தேய்ந்த பழம் பாத்திரங்களை வாங்கி உருக்கி, பித்தளை அச்சுகளில் மறுபடி வார்த்தனர். காரீயம் கலந்த மலிவுப் பாத்திரங்கள் புளிப்பான உணவை நஞ்சாக்கின. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெஃபீல்டில் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு சேர்ந்த காரீயமற்ற கலவை வந்தது. இன்றைய மேசைப் பியூட்டரும் காரீயம் இல்லாததே. சீனாவிலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் 1885இல் தொடங்கிய பட்டறை, ராயல் செலாங்கூர் என்ற பெயரில் இன்றும் பியூட்டர் பாத்திரங்கள் செய்கிறது. மலாயா அக்காலத்தில் உலகின் முதன்மையான வெள்ளீய உற்பத்தி நிலமாக இருந்தது.

சரிவும் மீட்சியும்

சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கினார். எடை குறைவு, விலை குறைவு, பூச்சுத் தேவையில்லை என்பதால் அலுமினியம் வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது. பின்னால் வந்த எவர்சில்வர் புளிப்புக்கும் அசையாதது, தேய்த்தால் பளபளப்பது. அதோடு பித்தளையின் ஆட்சி முடிந்தது. பித்தளை போனதும் ஈயம் பூசுகிறவரின் குரலும் தெருக்களில் அருகியது. சொம்பு பரணுக்குப் போனது.

அண்மைக் காலத்தில் மரபுப் பாத்திரங்கள் மேல் ஆர்வம் திரும்பி, இணைய வணிகத்தின் வழியே ஈயச் சொம்பு வெளிநாட்டுத் தமிழர் வீடு வரை போகிறது. கூடவே போலியும் வருகிறது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் கலப்படத்துக்கான ஆசையும் அதிகம். அளவுக்கு மீறிக் கனப்பது, மங்கிய நீலச் சாம்பல் நிறம், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில்போல் கருங்கோடு விழுவது ஆகியவை காரீயத்தின் அடையாளங்கள். ஆனால் சிறிதளவு கலந்திருந்தால் கண்ணாலும் கையாலும் பிடிபடாது. எக்ஸ் கதிர் உலோகச் சோதனையே உறுதியான வழி. சொம்பை நாடுகிறவர்கள் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். தூய வெள்ளீயம் கொண்டு நேர்மையாகச் செய்யும் கைவினைஞரின் உழைப்புக்கு உரிய விலையும் அப்போதுதான் கிடைக்கும். சான்று கிடைக்காத சொம்பில் ரசம் வைக்காமல் இருப்பதே நல்லது.