வெள்ளைப் பாறையும் ஒரு நீர்வண்ண ஓவியமும்



பரிசளிப்பு விழாவன்று கணக்கில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை மேடையை விட்டு இறங்கி வந்தால், "சரி சரி, படம் வரைஞ்சா சோறு வந்திடுமா? போய்ப் பாடத்தைப் படி" என்கிறோம். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான். அப்படிச் சொல்கிறவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் நம் ஜொகூர்க் கடலில் பிறந்த ஓர் ஓவியத்தின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கோத்தா திங்கியிலிருந்து பெங்கேராங் பக்கம் போயிருப்பீர்கள். அந்தக் கரையிலிருந்து கடலுக்குள் 7.7 கடல் மைல், அதாவது சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாறை இருக்கிறது. நீளம் 137 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெண்மையாகத் தெரிந்ததால் மலாய்க்காரர்கள் அதைப் பத்து பூத்தே என்றார்கள். போர்த்துக்கீசியர் பெட்ரா பிராங்கா என்றார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: வெள்ளைக் கல்.

பார்க்கச் சின்னப் பாறை. ஆனால் கப்பல்காரர்களுக்கு எமன். சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாசலில், சீனாவுக்குப் போகும் வழியில் அது குறுக்கே கிடந்தது. இருட்டில் வந்து மோதிய கப்பல்கள் பல. ஆசியக் கடல் வழிகளை விவரித்துப் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற கடல் வரைபட நிபுணர் 1836இல் காலமானார். அவர் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பவேண்டும் என்று சீனாவில் இருந்த வணிகர்கள் பணம் திரட்டினார்கள். பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, இந்தப் பாறையே ஏற்ற இடம் என்று முடிவாயிற்று. அந்த வேலையை ஏற்றவர்தான் நம் ஓவியர், ஜான் டர்ன்புல் தாம்சன்.

தாம்சன் 1821இல் இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1838இல் பினாங்குக்கு வந்தபோது அவருக்கு 17 வயதுகூட நிரம்பவில்லை. நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் வயது! முதலில் தோட்ட நிலங்களை அளந்தார். ஆம், நம் தாத்தா பாட்டி காலத்துக்கும் முந்திய தோட்டங்களில் சங்கிலி பிடித்து எல்லை போட்டவர் அவர். 1841இல் சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளர் ஆனார். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரிந்த தாம்சன் சாலை அவர் பெயரில் உள்ளதுதான். 1849இல் ஜொகூர், பகாங் கிழக்குக் கரைகளை அளந்து, அவற்றைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தார்.

இவருக்கு மலாய் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யார் தெரியுமா? மலாய் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டு அரபியர். அவர் நம் நாகூருக்கு வந்து அங்கேயே திருமணம் செய்துகொண்டவர். அப்துல்லா சிறுவயதில் தமிழும் கற்றார். மலாக்காவில் அன்று கணக்கு வழக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் வேண்டியிருந்தது என்று அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த வரலாற்று நூலின் பகுதிகளைப் பின்னாளில், 1874இல், ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் இந்த மாணவர் தாம்சன்தான். ஆசிரியருக்கு மாணவர் செய்த மரியாதை என்று இதைச் சொல்லலாம்.

இனிப் பாறைக்கு வருவோம். அலையின் வேகம் எவ்வளவு என்று பார்க்க, 1847இல் தாம்சன் பாறைமேல் செங்கல் தூண்களைக் கட்டி வைத்துச் சோதித்தார். பெருங்காற்றுக் காலத்தில் அலை வந்து அடித்ததில் சில தூண்கள் சேதமாயின. செங்கல் நிற்காது, கருங்கல்தான் வேண்டும் என்று புரிந்தது. புலாவ் ஊபினில் கல் வெட்டிப் படகில் ஏற்றினார்கள். 1850 மே 24ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கால் வைக்க முடியாது. ஆகவே கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டுமே வேலை நடந்தது. 1851 அக்டோபர் 15ஆம் நாள் விளக்கு ஏற்றப்பட்டது.

அந்த வேலையின் நடுவிலும் தாம்சன் தூரிகையை விடவில்லை. வெள்ளைப் பாறையையும் அதன்மேல் எழுந்த கல் கோபுரத்தையும் சுற்றிக் கொந்தளிக்கும் கடலையும் 1851இல் நீர்வண்ணத்தில் தீட்டினார். 'இது என்ன, துரைமாரின் பொழுதுபோக்குதானே?' என்று நினைக்காதீர்கள். புகைப்படக் கருவி கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆன காலம் அது. கண்ணால் கண்டதைக் கையால் எழுதி வைத்தால்தான் உண்டு. நில அளவையாளருக்குச் சங்கிலியும் தூரிகையும் இரண்டு கைகள் மாதிரி.

நீர்வண்ணம் பொல்லாதது. பிசினில் குழைத்த சாயத்தைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் ஓட விடவேண்டும். வெள்ளை வேண்டிய இடத்தில் சாயம் வைக்காமல் காகிதத்தையே விட்டுவிடவேண்டும். தப்பாகப் போய்விட்டால் அழித்துத் திருத்துவது கடினம். எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்தவன்தான் நல்ல நீர்வண்ண ஓவியன். நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

தாம்சன் உடல்நலம் குன்றி 1853இல் சிங்கப்பூரை விட்டுப் போனார். பிறகு நியூசிலாந்தில் குடியேறி, அந்த நாட்டின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்து, 1884இல் காலமானார். அவருடைய ஓவியங்களும் அவரோடு போயின. இன்று அவை டுனேடின் நகரில் உள்ள ஹாக்கன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் மங்கிவிடும். ஈரம் பட்டால் காகிதம் பூஞ்சை பிடிக்கும். நன்றாகப் பாதுகாத்ததால்தான் 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் கடல் அங்கே வாழ்கிறது.

ஆனால் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. கல்லை வெட்டியவர் யார்? படகில் ஏற்றி, அலையில் நனைந்து இறக்கியவர் யார்? சீனக் கல்தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், அவர்களோடு இந்தியக் கைதிகள். 1850 ஜூனில் ஜொகூர்த் தெமெங்கோங் தம் ஆட்கள் 30 பேருடன் பாறைக்கு வந்து போனதும் பதிவாகியிருக்கிறது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. சாலை போட்டதும் சதுப்பை நிரப்பியதும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைதான். கட்டியவரின் பெயர் சாலைக்கு வந்தது. கல் சுமந்தவனின் பெயர் நம் நாவில் இல்லை. அவன் முகத்தை யாரும் வரைந்து சுவரில் மாட்டவில்லை. எழுதத் தெரிந்தவனும் வரையத் தெரிந்தவனும் நின்றான், மற்றவன் மறைந்தான். உலக வழக்கம் இதுதான்.

காகிதத்தின் மதிப்பை அறிய இன்னொரு செய்தியையும் கேளுங்கள். இந்தப் பாறை யாருக்கு என்று மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வழக்கு வந்தது. 2003இல் இரு நாடுகளும் அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 2008 மே 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆதியில் அது ஜொகூர் சுல்தானகத்துக்கே உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பத்து பூத்தே சிங்கப்பூருக்கும், பக்கத்திலுள்ள நடுப் பாறைகள் மலேசியாவுக்கும் என்று தீர்ப்பாயிற்று. முடிவைத் திருப்பிய காரணங்களில் முக்கியமானது ஒரு கடிதம். பாறைமீது ஜொகூர் உரிமை கோரவில்லை என்று 1953இல் ஓர் அதிகாரி எழுதிய பதில் அது. இன்னொரு பக்கம், கலங்கரை விளக்கம் கட்ட அனுமதி கேட்டு கவர்னர் பட்டர்வொர்த் 1844இல் சுல்தானுக்கும் தெமெங்கோங்குக்கும் எழுதிய கடிதங்கள் கிடைக்கவே இல்லை. அவர்கள் தந்த பதில்கள் மட்டுமே இருந்தன. இருந்த கடிதம் பேசியது. தொலைந்த கடிதம் வாய் திறக்கவில்லை. தாம்சன் கட்டுமானத்தைப் பற்றி எழுதி வைத்த விவரங்களையும் நீதிபதிகள் படித்துப் பார்த்தார்கள்.

பெற்றோர்களே, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். நாம் பிறந்த லயம் எங்கே? பால் நிறுத்த ஸ்டோர் எங்கே? பெரட்டுக்களத்து மணி எங்கே? எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகி, நெடுஞ்சாலையாகிப் போய்விட்டன. "இங்கதாம்ப்பா நம்ம கோவில் இருந்துச்சு" என்று காட்டக்கூட அடையாளம் இல்லை. நாளை பேரப்பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். ஈரம் படாத தகரப் பெட்டியில் வையுங்கள். பால் வெட்டிய கைகள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துக் கதை கேளுங்கள்.

தம்பி தங்கைகளே, நீங்கள் மயிலையும் மலையையும் வரைந்தது போதும். பாட்டியின் உளியை வரையுங்கள். காண்டாவாளியை வரையுங்கள். மிச்சம் நிற்கிற லயத்தை, அதன் வாசற்படியோடு வரையுங்கள். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். அந்தக் கலங்கரை விளக்கத்துக்குக் கல் சுமந்தவனுக்குக் கிடைக்காத முகத்தை உங்கள் தாத்தாவுக்காவது கொடுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் சுவர் இருக்கும்போதே எழுதிவிட்டால், சுவர் போன பிறகும் சித்திரம் நிற்கும். அடுத்த முறை ஓவியப் பரிசோடு உங்கள் பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வரும்போது, அந்தக் கையை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அப்புறம் பாடம் படிக்கச் சொல்லலாம், அதுவும் வேண்டியதுதானே!