பச்சைத் தேயிலை விலை (நீலகிரி)

பறித்த கொழுந்துக்குத் தொழிற்சாலை சிறு விவசாயிக்குத் தரும் கிலோ விலையே பச்சைத் தேயிலை விலை. நீலகிரியின் கிராம வாழ்வும் உள்ளூர் அரசியலும் இதைச் சுற்றியே நகர்கின்றன. உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய 3 சட்டமன்றத் தொகுதிகளிலும் இது தேர்தல் பேச்சு. காரணம் இலையின் இயல்பு. உருளைக்கிழங்கைப் போல மூட்டை கட்டி விலை ஏறும்வரை வைத்திருக்க முடியாது. பறித்த அன்றே தராசில் ஏற வேண்டும், மழை நாளில் ஈரத்துக்கென எடையில் கழிவும் போகும். காத்திருக்க முடியாதவருக்குப் பேரம் ஏது? இக்குறையைப் போக்கவே குந்தாவில் 1962-ல் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் இத்தகைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமாக இன்கோசர்வ் அமைந்தது.

ஆயினும் பச்சைத் தேயிலை விலை, தயாரித்த தூள் விற்கப்படும் குன்னூர் ஏலத்தைச் சார்ந்தே நிற்கிறது. தேயிலை வாரியம் ஏலச் சராசரியைக் கொண்டு மாதந்தோறும் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. நீலகிரித் தேயிலையின் பெரும் வாடிக்கையாளரான சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்தது. அதன் பின், 1990-களின் இறுதியிலிருந்து விலை சரிந்தது. முற்றிய இலை பறிப்பதே சரிவுக்குக் காரணம் என்பது தொழிற்சாலைகளின் வாதம். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ள ஆள்கூலி அதிகம். விலை அக்கூலிக்கே எட்டாதபோது விவசாயி முற்றிய இலையையும் சேர்த்து வெட்டும் கத்தரியை எடுக்கிறார். கட்டுபடியாகாத இந்த விலையை எதிர்த்து 2023 செப்டம்பரில் நீலகிரியின் படுகர் சமூக விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்தனர்.