பூனைக்காலிப் பயறும் கொட்டுற தண்ணியும்

பூனைக்காலிக் கொடி நம்மில் பலருக்குத் தெரியும். காய் மேலே இருக்கிற சுணை பட்டாலே அரிப்பு தாங்காது. அந்தக் காய்க்குள்ள இருக்கிற பயறைத்தான் நம்ம தெற்கு மலையில் காணி மக்கள் தலைமுறையாகச் சமைச்சுச் சாப்பிட்டாங்க. ஒரு தடவை வேகவைத்தால் போதாது. கொதிச்ச தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி, திரும்பத் திரும்ப வேகவைக்கணும். பயறில் உள்ள எல்-டோப்பா என்ற சத்து அந்தத் தண்ணியோடு போகும். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்துக்கு டாக்டர்கள் கொடுக்கிற மருந்தும் அதுதான். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், புத்தி கலங்கும்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு மக்களும் பஞ்ச காலத்தில் இதைச் சாப்பிடுவாங்க. அங்கேயும் தண்ணி மாத்தி வேகவைக்கிறதுதான் பழக்கம். 1989-இல் நம்புலா மாகாணத்தில் போரும் வறட்சியும் ஒன்றாக வந்தது. விவரம் தெரியாமல் விஷத்தைத் தின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பக்குவம் தெரியும், தண்ணிதான் இல்லை. குடம் தூக்கி நடந்த நமக்கு இது புரியும். குடிக்கவே இல்லாதபோது எதைக் கொட்டுறது? பயறு வெந்த தண்ணியையும் குடித்தார்கள். 200 பேருக்கு மேல் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.