தெய்வ சித்தமும் செத்தவர்களும்: காந்தியின் திருநெல்வேலிப் பேச்சை முன்வைத்து

1

1934 ஜனவரி 24 அன்று காந்தி திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை ஒழிப்புக்காக அவர் நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஒன்பது நாளைக்கு முன்னால்தான் பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் புரட்டிப்போட்டிருந்தது. அந்த மேடையில் அவர் சொன்னதன் சாரம் இது: தீண்டாமை என்கிற பாவத்துக்காகக் கடவுள் நமக்கு அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம். இதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

இந்தப் பேச்சைப் பற்றி நம்மிடையே இரண்டு வாசிப்புகள் புழங்குகின்றன. 'கிழவர் உளறிட்டார், விடுங்க' என்பது பகுத்தறிவாளர் வாசிப்பு. 'நல்ல காரியத்துக்காகத்தானே சொன்னார், அதை ஓர் உருவகமா எடுத்துக்கணும்' என்பது காந்தியர் வாசிப்பு. இரண்டு பேருமே விஷயத்தை நோகாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். காந்தி உளறவுமில்லை, உருவகமாகச் சொல்லவுமில்லை. அட்சரசுத்தமாக நம்பித்தான் சொன்னார்; பிறகு எழுத்திலும் அதையே வலியுறுத்தினார். எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றால் மனுஷனுக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது, துன்பத்துக்கு யார் பொறுப்பு, பிரார்த்தனை எதற்கு என்பவை மடங்களுக்குள் காலங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்த கேள்விகள். அவை ஒரு பொதுமேடையில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களை முன்வைத்து, சாதியோடு நேருக்கு நேர் மோதிக்கொண்ட தருணம் அது. அதனால்தான் இதைத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

ஜனவரி 15, பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிஷங்கள். முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி, சீதாமர்ஹி எனப் பீகாரின் ஊர்கள் சரிந்தன. அந்தப் பக்கம் காட்மாண்டு, பாட்டன், பக்தபூர். முங்கேர் கடைத்தெரு செங்கல் குவியலானது. வடபீகாரின் வண்டல் சமவெளியில் நிலம் பிளந்து, உள்ளேயிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டு வந்தன. வயல்களை மணல் மூடியது, கிணறுகள் தூர்ந்தன. சிறையிலிருந்து வெளியே வந்த ராஜேந்திர பிரசாத் நிவாரண வேலைகளை ஒழுங்குபடுத்தினார். நேரு முங்கேருக்குப் போய்க் கையில் மண்வெட்டியோடு இடிபாடுகளைத் தோண்டினார்.

காரணம் இன்றைக்குத் தெரிந்ததுதான். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து இமயமலைக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இறுக்கம் என்றாவது ஒருநாள் உடைகிறது. 1934-ல் உடைந்த பிளவு தரையின் மேல் விட்டுச்சென்ற தடத்தைக் கிழக்கு நேபாளத்தில் கண்டறிந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதே இடம் 1255-லும் உடைந்திருப்பதற்கான தடயமும் கிடைத்தது. அந்த 1255 பூகம்பத்தில் நேபாள மன்னன் அபய மல்லனே செத்துப்போனான். ராஜா என்றும் குடியானவன் என்றும் பூமி தரம் பிரிப்பதில்லை.

நிலத்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றதே 1960களில்தான். 1934-ல் காந்திக்குப் பதில் எழுதியவர்கள் கையில் இந்த விவரம் எதுவும் இல்லை. எனவே அந்த விவாதத்தை 'விஞ்ஞானம் எதிர் அஞ்ஞானம்' என்று சுருக்கிவிட முடியாது. அது அறத்தைப் பற்றிய விவாதமாகவே நடந்தது.

3

எதிர்த்து எழுதியவர் தாகூர். அவர் சனாதனி இல்லை. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது கூட இருந்தவர். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தாகூரின் மறுப்பைக் காந்தி 1934 பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில், தன் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். எதிராளியின் அடியைத் தன் பத்திரிகையிலேயே வாங்கிப் போடுகிற இந்தப் பண்பு நம் சிறுபத்திரிகைச் சண்டைகளில் அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாகூரின் வாதத்தை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும். தான் வகுத்த விதிகளில் கடவுளே குறுக்கிடுவதில்லை. இரண்டு, குற்றவாளியைத் தண்டிக்கிறேன் என்று அப்பாவிகளையும் குழந்தைகளையும் கொல்கிறவர் கடவுள் என்றால், அந்தக் கடவுளைவிட மனுஷனே ஒழுக்கத்தில் மேலானவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். மூன்று, இந்த ஆயுதம் இரண்டு பக்கமும் வெட்டும். சனாதனிகளும் இதே பூகம்பத்தைக் காட்டி இதே தர்க்கத்தைப் பேச முடியும். அப்படித்தான் நடந்தது. காந்தி தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதற்கும் கோயில் நுழைவு கேட்டதற்கும் தெய்வம் கொடுத்த தண்டனைதான் பூகம்பம் என்று அவர்கள் சொன்னார்கள்.

காந்தியின் பதில் கவனமாக வாசிக்கப்பட வேண்டியது. கடவுளும் கடவுளின் விதியும் ஒன்றுதான், அவர் சித்தமில்லாமல் ஓர் இலைகூட அசைவதில்லை, ஜடமும் ஆன்மாவும் பிரிக்க முடியாதவை என்கிறார். நம்முடைய பாவங்களுக்கு இந்தப் படைப்பையே குலைக்கிற சக்தி கிடையாது என்ற தாகூரின் நம்பிக்கையைத் தன்னால் ஏற்க முடியாது என்றும் சொல்கிறார்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. 'எல்லாம் அவன் செயல்' என்கிறவர் மனுஷனுக்குச் சுதந்திரம் தராதவராக இருக்க வேண்டும். காந்தியிடம் இது தலைகீழாகிறது. கடவுள் சித்தமில்லாமல் இலை அசையாது என்கிறவர், மனுஷன் செய்த பாவத்தால் இமயமலை அசையும் என்கிறார்! மனுஷச் செயலுக்கு இதைவிடப் பெரிய வல்லமையை எந்தச் சுதந்திரவாதியும் கொடுத்ததில்லை. சேரிக்குள் தண்ணீர் எடுக்க விடாமல் தடுக்கிற கைக்குப் பூமியையே பிளக்கிற பலம் இருக்கிறது என்று நம்பினால்தான், அந்தக் கையைத் திருத்த வேண்டிய அவசரமும் வரும். காந்தியின் இறையியலுக்குள்ளே ஓடுகிற அரசியல் இதுதான்.

அதே பதிலில் தனக்குத்தானே ஒரு சோதனையையும் அவர் வைத்துக்கொள்கிறார். இந்த நம்பிக்கை தன்னைத் தாழ்மைப்படுத்துகிறது, கடவுளுக்கு அருகே கொண்டுபோகிறது. எதிராளிகளை அடிக்க இதைப் பயன்படுத்தினால் அது இழிந்த மூடநம்பிக்கையாகிவிடும் என்கிறார். அருமையான அளவுகோல். ஆனால் திருநெல்வேலிப் பேச்சே இந்த அளவுகோலுக்குத் தேறுமா? தேறாது என்பது என் கருத்து. 'நம் பாவம்' என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார், உண்மை. ஆனால் அந்த 'நம்' யார்? மேடையில் இருந்தவர்களும் கேட்டவர்களும் உயிரோடு இருந்தவர்கள். தண்டனை அனுபவித்தவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் மண்ணுக்குள் இருந்தார்கள். அவர்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சாதிக்காரர் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை தீண்டாமையை அனுபவித்தார். செத்தபின் தீண்டாமைக்கான தண்டனையையும் அவரே அனுபவித்ததாக ஆகிறது. குற்றம் செய்தவன் வேறு, கழுவேறினவன் வேறு.

4

'அப்படியானால் தெற்கை விட்டுவிட்டு பீகாரை ஏன் தண்டிக்க வேண்டும்?' இந்தக் கேள்வியைக் காந்தியே எதிர்பார்த்து பிப்ரவரித் தொடக்க 'ஹரிஜன்' இதழில் பதில் சொல்லியிருந்தார். நான் கடவுளில்லை, அவர் சித்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்றார்.

தெற்கைப் பற்றிய கேள்வி சும்மா வந்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, மண்பாண்டம்தான் புழங்க வேண்டும், குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று பட்டியல் நீண்டது. 1931-ல் இந்தத் தடைகள் பதினொன்றாகக் கூடின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. அங்கே பூமி ஆடவில்லை.

காந்தியின் பதில் அடக்கமானதுதான். ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. தண்டனைக்கான காரணம் தெரிகிறது, தண்டிக்கப்பட்ட இடத்துக்கான காரணம் மட்டும் தெரியவில்லை. கடவுள் சித்தத்தில் நமக்குப் புலப்படுகிற பாதி, நாம் ஏற்கனவே போட்டுவைத்திருக்கிற வேலைத்திட்டத்தோடு மட்டும் எப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிறது? சனாதனிக்கும் அப்படித்தான் பொருந்தியது. பிற்பாடு தன் சுயசரிதையில் நேரு இதையே கேலியாகக் கேட்டார்: வடபீகார் சட்டமறுப்பில் முன்னால் நின்ற பகுதி, அதனால் இது அதற்கான தண்டனை என்று வெள்ளைக்காரன் சொல்லக்கூடாதா? ஜமீன்தாரி முறைக்கான தண்டனை என்று இன்னொருவன் சொல்லக்கூடாதா?

ஆனால் காந்தி ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தார் என்பதை மறைக்கக்கூடாது. வினைக்கோட்பாடு நம் சமூகத்தில் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்து வந்திருக்கிறது. 'நீ கஷ்டப்படுகிறாயா, போன ஜென்மத்தில் நீ செய்தது' என்று துன்பப்படுகிறவன் தலையிலேயே பொறுப்பைக் கட்டுவது. ஏழையின் நிலைமைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ள உதவுவதே முற்பிறவி வினை என்கிற கருத்து என்று அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் விமர்சித்தார். காந்தி அந்த வினையை முற்பிறவியிலிருந்து இப்பிறவிக்கும், தனிமனிதனிலிருந்து சமூகத்துக்கும், ஒடுக்கப்பட்டவனிலிருந்து ஒடுக்குகிறவனுக்கும் மாற்றி வைத்தார். இது சின்னக் காரியமில்லை. ஆனால் துன்பம் என்றாலே அது யாரோ எழுதிய தீர்ப்பு என்கிற இலக்கணத்தை மட்டும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார். இலக்கணம் இருக்கிறவரை எவரும் அதில் தன் வாக்கியத்தை எழுதிக்கொள்ளலாம்.

5

இந்த இலக்கணத்துக்கு வெளியே நம்மிடம் ஏதாவது இருக்கிறதா? எம்.ஏ. தமிழ் வகுப்பில் 'ஊழ்' என்றதும் குறளின் அந்த அதிகாரத்தையும் சிலப்பதிகாரத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். துன்பத்தைக் கண்டு படைத்தவனோடு சமாதானம் ஆகாமல் அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற இன்னொரு மரபு இருப்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. புறநானூற்றின் 194-வது பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் கேட்கிற உலகத்தைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று ஏசுகிறார். பிச்சையெடுத்து வாழ வேண்டும் என்று விதித்திருந்தால் அப்படி விதித்தவனும் அலைந்து கெடட்டும் என்று 'இரவச்சம்' அதிகாரத்தில் வள்ளுவர் சபிக்கிறார். தாகூரின் இரண்டாவது வாதத்துக்கு இவர்கள் மூதாதைகள். மனுஷ அறம் படைத்தவனிடமே கணக்குக் கேட்கிறது.

எழுத்துக்கு வெளியேயும் ஓர் உதாரணம் உண்டு. மழை பொய்த்தால் நம் கிராமங்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலால் ஓர் உருவம் செய்து, பாடையில் தெருத்தெருவாக இழுத்துப் போய், ஒப்பாரி வைத்து, மாரடித்து, ஊர் எல்லையில் எரிப்பார்கள். ஊரில் எங்கோ ஒரு மகாபாவி இருப்பதால்தான் மழை இல்லை என்பது இதன் பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் திருநெல்வேலிப் பேச்சின் தர்க்கமும் இதுவே. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். சனங்கள் பாவியின் இடத்தில் வைப்பது வைக்கோலை. செத்தவனை வைப்பதில்லை, பட்டினி கிடக்கிறவனை வைப்பதில்லை. அந்த வைக்கோல் பாவிக்குக்கூட அழுகிறார்கள். இந்தச் சடங்கைப் புனிதப்படுத்துவது என் நோக்கமில்லை. கடவுள் சித்தத்தைப் பற்றிப் பேசும்போது அடுத்தவன் பிணத்தை ஆதாரமாக எடுக்காத ஓர் இங்கிதம் சனங்களிடம் இருந்திருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

6

எழுபது வருஷம் கழித்து 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் நாகப்பட்டினம் மாவட்டத்தார். உடனே அதே இலக்கணம் வந்துவிட்டது. முந்தின மாதம் காஞ்சி சங்கராச்சாரியாரைக் கைது செய்ததற்குத் தண்டனை என்று ஒரு பேச்சு உலவியது. வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை, அது அற்புதம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டுதலோடு வந்து கோயிலுக்கு வெளியே கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்களே, அவர்கள் பிரார்த்தனை என்ன ஆயிற்று? அற்புதம் பேசியவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. இன்னொரு பக்கம், நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் பதிவு செய்தன. அலை சாதி பார்க்கவில்லை, சோறு போட்டவர்கள் பார்த்தார்கள். மனுஷச் சித்தம் என்பது இங்கேதான் இருக்கிறது. இதற்குக் கடவுளையோ நிலத்தட்டையோ கைகாட்ட முடியாது.

கடவுள் சித்தத்தையும் மனுஷச் சுதந்திரத்தையும் சமரசப்படுத்துகிற வேலையைப் பெரும்பாலும் துன்பத்துக்கு வெளியே நிற்கிறவர்களே செய்திருக்கிறார்கள். இது ஆத்திகர்களுக்கு மட்டும் சொல்வதில்லை. கடவுள் இருந்த இடத்தில் 'வரலாற்று விதி'யை உட்காரவைத்து, அது கேட்ட பலி என்று சாவுகளுக்கு விளக்கம் சொன்ன தோழர்களும் இதே இலக்கணத்தில்தான் எழுதினார்கள்.

பிரார்த்தனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் மண்ணை வாரித் தூற்றிச் சாமியை ஏசுவாள். அதுவும் பிரார்த்தனைதான். நன்கணியார் செய்ததும் அதுதான். காந்தி பிரார்த்தனையைத் தன் மனத்தைக் கழுவுகிற காரியமாக வைத்துக்கொண்டவரை எனக்கு அவரோடு சண்டை இல்லை. இடிபாட்டுக்குள் கிடக்கிறவனைக் காட்டி அவன் ஏன் கிடக்கிறான் என்று கடவுள் சார்பாகப் பேச ஆரம்பிக்கிற இடத்தில்தான் சண்டை. அந்த உரிமை தீண்டாமையை ஒழிக்க வந்தவருக்கும் கிடையாது. முங்கேரில் மண்வெட்டி எடுத்தவர்கள் யாரும், உள்ளே இருப்பவன் எதற்காக உள்ளே இருக்கிறான் என்று கேட்டுவிட்டுத் தோண்டவில்லை.