எரியாத பெல்ட் பிறந்த கதை

1950 செப்டம்பர் 26, அதிகாலை மூன்றே முக்கால் மணி. இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில், ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு நிலக்கரி மாறும் இடத்தில் வேலையிலிருந்த தொழிலாளி, பெல்ட்டின் நடுப்பகுதி நீளவாக்கில் கிழிந்திருப்பதைப் பார்த்தார். கிழிந்த நாடாக்கள் நிலக்கரி கொட்டும் சரிவில் போய் அடைத்துக்கொண்டிருந்தன. உராய்வில் ரப்பர் சூடேறித் தீப்பற்றியது.

சுரங்கத்துக்குள் நல்ல காற்று வருகிற வழி அது. அந்தக் காற்றே கார்பன் மோனாக்சைடை உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 80 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க அந்தப் பகுதியையே அடைத்து மூட வேண்டியிருந்தது. சிலருடைய உடல்கள் அடுத்த ஆண்டுதான் மேலே வந்தன.

என்னை உறுத்துவது ஒன்றுதான். ரப்பரை எளிதில் பற்றாமல் செய்யும் வழி அன்றைக்கே தெரிந்திருந்தது.

இயற்கை ரப்பரில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். சூடு பட்டால் அது சிதைந்து வாயுவாகும். சுடர்விட்டு எரிவது அந்த வாயுதான். சுடருக்குள் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துகள்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டுப் பெருகிக்கொண்டே போகும். அந்தச் சங்கிலியை அறுத்தால் சுடர் படுத்துவிடும். குளோரின் கலந்த ஒரு பொருளையும் ஆன்டிமனி ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியையும் சேர்த்துக் கலந்தால், சூட்டில் இரண்டும் வினைபுரிந்து ஆன்டிமனி குளோரைடு ஆவியாக எழுந்து, சுடருக்குள்ளேயே அந்தத் துகள்களைப் பிடித்துவிடும். ஆன்டிமனியை மட்டும் தனியாகப் போட்டால் பெரிதாகப் பயன் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் கான்வாஸ் கூடாரங்களுக்கு இதே ஜோடியைத்தான் பூசினார்கள். மூலக்கூறிலேயே குளோரின் உள்ள நியோப்ரீன் ரப்பரை டூபாண்ட் நிறுவனம் 1931-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் கிரெஸ்வெல்லில் ஓடியது, உரசினால் பற்றிக்கொள்ளும் சாதாரண ரப்பர் பெல்ட்.

தலைமைச் சுரங்க ஆய்வாளர் சர் ஆண்ட்ரூ பிரையன் விசாரணை நடத்தினார். அதன் பிறகுதான் பிரிட்டிஷ் சுரங்கங்கள் பிவிசி, நியோப்ரீன் பெல்ட்டுகளுக்கு மாறின. பிவிசியின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின்தான். ஆனால் வெறும் பிவிசி விறைப்பானது. உருளைகளில் வளைந்து ஓடாது. இளக்குவதற்காகச் சேர்க்கும் சாதாரண எண்ணெய்ப் பொருளோ தானே நன்றாக எரியும்! ஒரு பக்கம் அடைத்த தீயை மறுபக்கம் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பாஸ்பேட் வகை இளக்கிகளைச் சேர்த்தார்கள். அடர்த்தியாக நெய்த துணியை இந்தக் கலவையில் ஊறவைத்து உருவானதுதான் இன்றைக்கும் நிலத்தடியில் ஓடும் பிவிசி பெல்ட்.

அதற்கு வைத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெல்ட் துண்டை இரும்பு உருளையின் மேல் பாதிச் சுற்றாகப் போட்டு, நகராதபடி இழுத்துக் கட்டிவிட்டு, உருளையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று சுழற்றுகிறார்கள். உரசி உரசி பெல்ட் அறுந்தே போகலாம். ஆனால் சுடரும் வரக்கூடாது, கங்கும் தெரியக்கூடாது. சுரங்கத்தில் தீ பிறந்த விதத்தையே சோதனைக்கூடத்தில் திரும்பச் செய்து பார்ப்பது இது.

அமெரிக்காவில் 1955 முதல் இருந்தது இதைவிட எளிய சோதனை: சின்னத் துண்டு ஒன்றைப் பர்னர் சுடரில் காட்டிப் பார்ப்பார்கள். 2006 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் அரகோமா ஆல்மா சுரங்கத்தில் பெல்ட் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் கடைசியில்தான் அங்கே கடுமையான விதி வந்தது.

குளோரின் கலந்த பெல்ட் பெருந்தீயில் சிக்கினால் எரியத்தான் செய்யும். அப்போது வரும் அமிலப் புகையும் பொல்லாதது. தீ தொடங்காமல் தடுப்பதும், தொடங்கியதைத் தாமதப்படுத்துவதும்தான் இதன் வேலை.

இந்திய நிலத்தடிச் சுரங்கங்களுக்கு ஐஎஸ் 3181 என்ற தரநிலை இருக்கிறது; உருளைச் சோதனை அதிலும் உண்டு. நிலத்தடிக்கு பெல்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘தீ தாங்கும்’ என்று விற்பவர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். எந்தச் சோதனையில் தேறியது என்று கேட்டு, சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.