ஆடு தொடாத இலையும் கருவுற்ற தாயும்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? பொதிகை மலை எதிரே எழுந்து நிற்கும். அருவிக்கே அகத்தியர் பெயரை வைத்த ஊர் அது. அங்கே மூலிகைக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஆடாதொடையைத் தேடி நீங்கள் மலையேற வேண்டியதில்லை. வேலியோரத்திலேயே வளரும். கசப்புக்குப் பயந்து ஆடு தொடாததால் இந்தப் பெயர் என்பார்கள். இருமல், சளி, இழுப்பு எது வந்தாலும் இந்த இலையின் கஷாயம்தான் நம் பாட்டிமார்களின் முதல் மருந்து.

அவர்கள் நம்பிக்கை வீண் அல்ல. சென்னை மாகாண அரசின் சிங்கோனா ஆய்வாளராக உதகமண்டலத்தில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர், 1888-இல் இந்த இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். வாசிசின் என்பது அதன் பெயர். அதன் நெருங்கிய உறவான வாசிசினோன் மூச்சுக்குழலை விரிக்கிறது என்று 1959-இல் தெரிய வந்தது. வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டதே புரோம்ஹெக்சின். சளியை இளக்க இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து அது.

இதுவரை பெருமைதான். இனிமேல்தான் கவனம் வேண்டும்.

ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் சி. கே. அடல் என்பவரும் அவர் குழுவினரும் 1970-களில் இதே வாசிசினை விலங்குகளின் கருப்பையில் சோதித்தார்கள். கருப்பைத் தசை சுருங்கியது! பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினைப் போல அது வேலை செய்தது. 1980-இல் வெளியிட்ட நூலில் அதைக் கருச்சிதைவு மருந்து என்றே அடல் குறிப்பிட்டார். எலிகளுக்கு இலைச்சாறு கொடுத்த பிற்கால ஆய்வு ஒன்றில் கரு சிதையவில்லை என்பதும் உண்மை. ஆனால், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அந்த வழக்குக்குத் தீர்ப்பு வரும்வரை கஷாயம் குடித்துக் காத்திருக்க முடியுமா? விட்டுவிடுவதே விவேகம்.

வேடிக்கை என்னவென்றால், நம் வீடுகளில் பயம் வேறு பக்கம் இருக்கிறது. "இலைதானே, என்ன செய்யும்?" என்று கஷாயத்தைக் கொடுப்போம். "பிள்ளைக்கு ஆகாது" என்று இன்ஹேலரைப் பிடுங்கி வைப்போம்.

அளவை எண்ணிப் பாருங்கள். 1969-இல் விற்பனைக்கு வந்த சால்புட்டமாலை இன்ஹேலரில் ஒருமுறை இழுத்தால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை நாற்பது இழுப்புக்குச் சமம். மாத்திரை உடல் முழுவதும் சுற்றும். இன்ஹேலர் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகும். அது வாசிசினுக்கு நேர்மாறாகக் கருப்பையைத் தளர்த்தும் தன்மையுடையது. குறைமாதப் பிரசவ வலியைத் தடுக்கக்கூட ஒரு காலத்தில் அதைக் கொடுத்தார்கள்.

மூச்சுக்குழலின் அழற்சியைத் தணிக்கத் தினமும் இழுக்கும் மருந்து புடெசோனைடு. கருவுற்ற தொடக்கத்தில் அதை உபயோகித்த தாய்மார்களின் 2,014 குழந்தைகளின் பதிவுகளை ஸ்வீடனில் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். பிறவிக் குறை இருந்தது 3.8 சதவீதம். அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரிலும் அது 3.5 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? கருவுற்ற ஆஸ்துமாக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கூடுகிறது. மற்றவர்களுக்குக் குறையலாம், அப்படியே இருக்கலாம். நீங்கள் எந்தப் பங்கு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாய் மூச்சுக்குத் திணறும்போது அவள் இரத்தத்தில் பிராணவாயு குறையும். வயிற்றுப் பிள்ளைக்கு வேறு காற்று ஏது? ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாவிட்டால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேர வாய்ப்பு அதிகம். ஆகவே டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாதபடி மூச்சு முட்டினால், விடியட்டும் என்று இராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சித்த வைத்தியரிடம் போனாலும், நாள் தள்ளிப்போயிருப்பதை முதலில் சொல்லுங்கள். பிரசவ அறையில் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் கார்போபுரோஸ்ட் என்ற ஊசி போடுவதுண்டு. அது கருப்பையைச் சுருக்கும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழலையும் சேர்த்துச் சுருக்கிவிடும். தெரிந்திருந்தால் டாக்டர் வேறு மருந்தை எடுப்பார்.