வள்ளி திருமணமும் உடைந்த குரலும்

சென்ற மாதம் எங்கள் புதுச்சேரியில் இளைஞர் நாடகக் குழு ஒன்று ‘வள்ளி திருமணம்’ போட்டது. நடித்தவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதிப் பேர் கல்லூரியில் படிப்பவர்கள். கிராமங்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிப் பொழுது விடியும்வரை நடக்கிற நாடகம் இது. இவர்கள் இரண்டேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பபூனும் இல்லை, டான்ஸும் இல்லை. ஆனால் வாத்தியங்களில் குறை வைக்கவில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா எல்லாம் மேடை ஓரத்திலேயே இருந்தன. பாட்டை ஒலிநாடாவில் ஓடவிட்டு வாயசைக்கும் வேலை இல்லை. அதற்காகவே கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

நாரதராக வந்த பையனுக்கு வயது பதினைந்து இருக்கும். இரண்டாவது பாட்டில் மேல் சட்ஜமத்தைப் பிடிக்கப் போனவனுக்குக் குரல் இரண்டாகப் பிளந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆர்மோனியக்காரர் பெரியவர், அனுபவசாலி. அடுத்த பாட்டிற்குச் சத்தமில்லாமல் இரண்டு கட்டை இறக்கிக்கொண்டார். வள்ளியாக நடித்த பெண்ணோ உச்சக் குரலில் பாடுகிறவள். தர்க்கத்தில் அவள் பாடும்போது ஏற்றியும் இவன் பாடும்போது இறக்கியும் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பையனும் அசரவில்லை. பாட்டில் விட்டதைப் பேச்சில் பிடித்தான்.

இதற்கு நம் ஊர்ப் பேச்சில் ‘மகரக்கட்டு’ என்று பெயர். ஆண்பிள்ளைகளுக்கு மீசை அரும்பும் வயதில் குரல் உடைவது. இந்தக் காலத்தில் அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் அது ஒரு பையனின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ எல்லாவற்றையும் மேடைக்கு எழுதிக் கொடுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் உப்பளத்தில் கணக்கு எழுதினார் என்று படித்தபோது எனக்கு அவரிடம் தனிப் பாசம் வந்துவிட்டது. நானும் பேரேடு எழுதியவன்தானே. ஆனால் அவர் என்னைப்போல் ஓய்வூதியம் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. 24 வயதிலேயே பேனாவை நாடகத்துக்குத் திருப்பிவிட்டார்.

முதலில் பெரியவர்கள் நடிக்கும் குழுக்களில்தான் இருந்தார். ஆனால் அந்த நடிகர்கள் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். கட்டுப்பாடு கிடையாது. அதில் மனம் வெறுத்துத்தான் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளைகளுக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

இன்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு வயதுப் பிள்ளையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகக் கொட்டகை, இரவெல்லாம் கண்விழிப்பு, பகலில் பாடம். பாட்டையும் வசனத்தையும் வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்யவேண்டும். பிசகினால் அடி. பெண் வேஷத்துக்கும் பையன்களே. நல்ல சாரீரம் இருந்தால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று கொண்டாடுவார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் அடுத்த வேஷம் கிடைக்குமா என்பதே சந்தேகம். ஆர்மோனியத்தை இறக்கிக்கொள்ள அங்கே யாருக்கும் பொழுதில்லை. மைக் இல்லாத காலம். கடைசி வரிசைவரை கேட்கவேண்டும், அதற்கு உச்சக் கட்டைதான் வேண்டும். கிட்டப்பாவின் இசைத்தட்டு கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி என்று பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்து மேலே வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். குரல் போய் ஊர் திரும்பிய பையன்களின் பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை.

சுவாமிகளைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கம்பெனியில் வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது, தமிழும் கிடைத்தது. வெண்பாவும் விருத்தமும் அந்த வயதிலேயே நாக்கில் ஏறிய தலைமுறை அது. ஆனாலும் கட்டை இறக்கிய அந்த ஆர்மோனியக்காரரைப் பார்த்தபோது, நூறு வருஷத்தில் நாம் ஏதோ ஒரு விஷயத்தில் முன்னேறியிருக்கிறோம் என்று தோன்றியது.

இன்னொரு சங்கதி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மோலியேர் 1670-இல் போட்ட நாடகத்துக்கு லுல்லி இசையமைத்தார் என்பது வரை வகுப்பில் ஒப்பித்திருக்கிறோம். அதே காலத்தில் எங்கள் ஊரில், சைக்கிளில் போனால் எட்டிவிடும் தூரத்தில், தமிழ் நாடகத்துக்கே தலைமை ஆசிரியர் என்று பெயர் பெற்றவர் அடங்கியிருக்கிறார் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பாடத்திட்டம் பாரிஸிலிருந்து வந்தது, அதில் கருவடிக்குப்பத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தது, அது ஒரு ஆறுதல்.

சுவாமிகளின் முடிவை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. 1921-இல் பக்கவாதம் வந்தது. கை கால் விழுந்ததோடு பேச்சும் போனது. வாயால் சொல்லிச் சொல்லியே அத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டு ஏற்றிய மனிதருக்கு அந்தக் கதி. கம்பெனி அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. அப்படிப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்திருந்தபோதுதான் 1922 நவம்பர் 13-ஆம் தேதி இறந்தார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து, பாடி அஞ்சலி செலுத்துகிறார்கள். காலையில் போனால் ஆர்மோனியச் சத்தம் கேட்கும்.